பூரணை நாளில் ஒரு படமும் ஒரு பானப் பட்டியலும்

வரிப்பத்தான்சேனையில் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு எருமைகளை வயலுக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். இறக்காமம் குளத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் வைக்கோல் வாசம். அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கும் இந்த முஸ்லிம் கிராமத்தில் நெல்லும் மாடும்தான் சீவியம். அதற்கு மேல் வருமானம் தேடுபவர்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். அப்படி ஏறியவர்களில் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். வழியனுப்ப அவருடைய தாய்மாமன் கூடப் போனார். மாமன் ஓய்வுபெற்ற ஆசிரியர். மருமகன் ரியாத்தில் ஒரு படமாளிகையில் உணவு பரிமாறுபவர். சாய்ந்து படுக்கும் நாற்காலியும் அந்த நாற்காலிக்கே வந்து சேரும் சாப்பாடுமாக நடக்கும் உயர்தர அரங்கு அது.

“என்ட வேலை எப்பிடியெண்டு மாமா ஒருக்காப் பாக்கணும்” என்று மருமகன் முன்பே சொல்லிவைத்திருந்தார். விமானம் மறுநாள் இரவு. பகலில் கொழும்பில் ஒரு படம் பார்க்க நேரம் இருந்தது. அந்த மறுநாள் பூரணைப் போயா தினம்.

அம்பாறை பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மருமகன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மாமனிடம் கொடுத்தார். உள்ளங்கை அகலம், பிளாஸ்டிக் உறை, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. இடப்பக்கம் அரபியிலும் ஆங்கிலத்திலும் உணவுகளின் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பானம். வெண்ணெய் பொப்கோர்னுக்கு ‘சவூதி ஷம்பெய்ன்’: ஆப்பிள் சாறும் நுரைக்கும் சோடாத் தண்ணீரும் கலந்து, ஆப்பிள், தோடம்பழத் துண்டுகளும் புதினாவும் மிதக்கவிடும் பானம். காரமான பொரித்த கோழிக்கு லபன், அதாவது மோர். மாட்டிறைச்சி பர்கருக்குக் குளிர்ந்த கர்க்கடே என்ற சிவந்த புளிப்புப் பானம். பேரீச்சம்பழப் புடிங்குக்கு ஏலக்காய் போட்ட அரபுக் கோப்பியான கஹ்வா. ஓரங்களில் நீலப் பேனாவால் மருமகன் தமிழில் எழுதிய குறிப்புகள்.

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். எதற்கு எது என்று தீர்மானித்தது யார் என்று கேட்டார்.

“இது வைன்ட கணக்கு மாமா. எங்கட ஹோல்ல வைன் இல்ல. ஆனா கணக்கு மட்டும் அப்படியே இரிக்கி.”

மருமகன் சொன்னது உண்மை. படமாளிகைக்குள் உணவோடு பானத்தைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கம் வைன் கிண்ணத்தோடுதான் வளர்ந்தது. 1997இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் வில்லேஜ் சினிமாஸ் ‘கோல்ட் கிளாஸ்’ அரங்கைத் திறந்தது. ஆட்கள் குறைவு, நாற்காலி அகலம், கையருகே உணவும் வைனும். அதே 1997இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் டிம் லீக், கேரி லீக் தம்பதியர் அலமோ டிராஃப்ட்ஹவுஸைத் தொடங்கினார்கள். அங்கே அந்தக் காலத்தில் வேண்டியதைத் தாளில் எழுதிவைத்தால் போதுமாயிருந்தது. பரிமாறுபவர் குனிந்து வந்து சத்தமில்லாமல் எடுத்துப்போவார். லண்டனின் எவ்ரிமேன் அரங்குகள் நாற்காலியையே சோபாவாக்கின. இவற்றிலெல்லாம் உணவுப் பட்டியலோடு வைன் பட்டியலும் இருக்கிறது. அதைத் தயாரிப்பவர் எண்ணிப் பார்க்கும் விஷயங்கள் சாதாரண உணவகத்தில் எண்ணிப் பார்ப்பவற்றிலிருந்து பெரிதும் வேறுபடுகின்றன.

அடிப்படை விதிகள் என்னவோ பொதுவானவைதான். உப்பும் வெண்ணெயும் நாக்கில் படலமாக ஒட்டும்; புளிப்பும் நுரையும் உள்ள பானம் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். பொப்கோர்னுக்கும் உருளைக்கிழங்குப் பொரியலுக்கும் ஷம்பெய்ன் வகைகளைச் சொல்வது அதனால்தான். மாட்டிறைச்சிக்குச் சிவப்பு வைன்: அதிலுள்ள துவர்ப்பு எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டி வாயை வறட்டும், இறைச்சியின் கொழுப்பும் புரதமும் சேர்ந்தால் அந்த வறட்சி தணியும். இனிப்பு உணவோடு வரும் வைன் அந்த உணவைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல வைனும் புளித்த தண்ணீராகத் தெரியும். காரத்துக்கு மது கூடிய வைன் ஆகாது. மிளகாயின் எரிவை மது தூண்டிவிடும். அதனால் மது குறைந்து, இலேசான இனிப்போடு இருக்கும் ரீஸ்லிங் போன்ற வெள்ளை வைனைத் தேர்வார்கள்.

சிவப்பு வைன் மீனுக்கு ஆகாது என்பது ஐரோப்பியப் பாட்டிமார் காலத்துப் பேச்சு. அதன் காரணத்தை 2009இல் ஜப்பானின் மெர்சியன் வைன் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வைன்களை உலர்ந்த சிப்பிச் சதையோடு வைத்துச் சோதித்தபோது, இரும்புச் சத்துக் கூடிய வைனே வாயில் கவிச்சியை விட்டுச் சென்றது. குற்றம் நிறத்தில் இல்லை, இரும்பில் இருந்தது.

இதற்கு மேல்தான் படமாளிகையின் தனிக் கணக்கு வருகிறது. முதலாவது, இருட்டு. பிரான்சின் போர்டோவில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளை வைனுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். வைன் கலை படிக்கும் மாணவர்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் அவ்வளவு தூரம் நாக்கை ஆள்கிறது. இருட்டில் கண்ணின் துணை போய்விடுவதால் மணமும் புளிப்பும் தெளிவாக உள்ள பானமே எடுபடும், மெல்லிய சுவை காணாமற்போகும். இரண்டாவது, சத்தம். 2015இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 85 டெசிபெல் விமான இரைச்சலைக் கேட்கவிட்டுச் சோதித்தார்கள். இனிப்பு மங்கிப்போனது, இறைச்சிச் சாற்றிலும் தக்காளியிலும் இருக்கும் உமாமிச் சுவை கூடித் தெரிந்தது. சண்டைக் காட்சி நடக்கும் அரங்கில் இனிப்பை மட்டும் நம்பிய பானம் சப்பென்று இருக்கும் என்று இதை வைத்து எண்ண இடமுண்டு. மூன்றாவது, நேரம். படம் இரண்டரை மணித்தியாலம் ஓடும். குளிராக வந்த வெள்ளை வைன் இடைவேளைக்குள் சூடேறிவிடும், நுரை அடங்கிவிடும். ஆகவே சின்னக் கிண்ணமாக, தேவைக்கு இரண்டு தரம் கொடுப்பதே நல்லது. தண்டு நீண்ட கிண்ணம் கைபட்டுக் கவிழும். தண்டில்லாத கிண்ணமே பாதுகாப்பு.

பொப்கோர்னுக்கு ஷார்டனே என்ற வெள்ளை வைனைப் பல அரங்குகள் பரிந்துரைப்பதில் ஓர் அழகான காரணம் இருக்கிறது. புளிக்கும்போது இரண்டாம் கட்டத்தில் பற்றீரியா வேலை செய்து சில ஷார்டனேகளுக்கு வெண்ணெய் மணத்தைக் கொடுக்கும். அந்த மணத்துக்குரிய சேர்மம் டயசிற்றைல். வெண்ணெயிலேயே இயற்கையாக இருப்பதும், செயற்கை வெண்ணெய் மணத்துக்குச் சேர்ப்பதும் அதே டயசிற்றைல்தான். கிண்ணத்திலும் கூடையிலும் ஒரே மணம் இருப்பதால் இரண்டும் ஒட்டிப்போகின்றன.

பஸ் சியம்பலாண்டுவ தாண்டி மொனராகலையை நோக்கி ஓடியபோது நிலவு காட்டுக்கு மேலே ஏறியிருந்தது. இந்தப் பாதை வெல்லவாய, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்பைச் சேரும். இரவு முழுக்க ஓட்டம். நடுவில் ஒரு தேநீர்க் கடையில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். மாமனும் மருமகனும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மீன் ரோல்ஸில் இரண்டை எடுத்துக்கொண்டு பிளேன்டீ சொன்னார்கள். கடைக்காரர் இஞ்சி தட்டிப் போட்டு, சீனி கூட்டி, கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். ரோல்ஸின் மேல்தோல் எண்ணெயில் பளபளத்தது. உள்ளே உருளைக்கிழங்கும் மீனும் மிளகுத்தூளும். ஒரு கடி, ஒரு மிடறு. தேயிலையின் துவர்ப்பு எண்ணெயை வழித்தெடுத்தது, இஞ்சி மீன் வாடையை மறைத்தது, சீனி மிளகின் உறைப்பைத் தணித்தது.

“இதுவும் அந்தக் கணக்குத்தானே?” என்றார் ஆசிரியர்.

மருமகன் தலையாட்டினார். அவருக்கு ரியாத்தில் பயிற்சி கொடுத்தவர் துவர்ப்பை விளக்கியதே தேயிலையை வைத்துத்தானாம். சாயம் கடுத்த தேநீரைப் பால் விடாமல் குடிக்கச் சொல்லி, பிறகு ஒரு துண்டு வறுத்த இறைச்சி தின்னச் சொல்லி, மறுபடி குடிக்கச் சொன்னாராம். வைன் ஒரு துளிகூட வாயில் படாத ஒருவருக்குச் சிவப்பு வைனின் இலக்கணம் அப்படித்தான் புரிந்தது.

சவூதி அரேபியாவில் படமாளிகைகள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்தன. 2017 டிசம்பரில் தடையை நீக்கும் அறிவிப்பு வந்தது. 2018 ஏப்ரல் 18ஆம் திகதி ரியாத்தின் மன்னர் அப்துல்லா நிதி வட்டாரத்தில் ஏஎம்சி நிறுவனத்தின் அரங்கு ‘பிளாக் பேந்தர்’ படத்தோடு திறந்தது. பிறகு வேகமாகப் பரவிய அரங்குகளில் மெல்பேர்னிலும் ஒஸ்டினிலும் வளர்ந்த சாய்நாற்காலிச் சேவையும் வந்து சேர்ந்தது, வைனைத் தவிர. அந்தக் காலியிடத்தை வெறும் கோலாவால் நிரப்பியிருக்கலாம். மருமகன் வேலை செய்யும் அரங்கின் சமையலறை அப்படிச் செய்யவில்லை. வைனில் ருசிக்காகத் தேடும் புளிப்பு, துவர்ப்பு, நுரை, மணம் ஆகியவற்றைப் பழத்திலும் பூவிலும் இலையிலும் தேடியது. கர்க்கடே புளிச்சைக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிவட்டத்தை ஊறவைத்து எடுப்பது. நிறமும் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து வருவதால் சிவப்பு வைன் இருந்த இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. மது நீக்கிய வைனைப் பற்றி ஆசிரியர் கேட்டார். அதில் பெரும்பாலும் 0.5 சதவீதம் வரை மது எஞ்சியிருக்கும், அதனால் பல முஸ்லிம்கள் அதைத் தொடுவதில்லை.

உலகின் புகழ்பெற்ற உணவகங்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன. டென்மார்க்கின் நோமா உணவகத்தில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு வைன் வந்ததுபோலவே, விரும்பியவர்களுக்கு ஒவ்வொரு உணவுக்கும் ஒரு சாறு வந்தது. குடிக்காதவர் அங்கே குறைந்த விருந்தாளி அல்ல. இதைச் சொல்லும்போது மருமகனின் குரலில் ஒரு பெருமை இருந்தது. அது நியாயமான பெருமை.

கொழும்பில் இறங்கியபோது விடிந்திருந்தது. போயா தினமானதால் மதுக்கடைகள் பூட்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடங்களில் பதின்மூன்று பூரணை நாட்களில் இலங்கை முழுவதும் மது விற்பனைக்குத் தடை. அந்த நாட்களில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியும் வரிப்பத்தான்சேனை ஆசிரியரும் ஒரே பட்டியலிலிருந்துதான் தெரிவுசெய்ய வேண்டும். அந்தப் பட்டியல் எப்படியிருக்கிறது என்பது முக்கியமான கேள்வி.

அவர்கள் போன அரங்கில் நாற்காலிக்குக் குறையில்லை. பொத்தானை அழுத்தினால் கால் உயர்ந்தது, முதுகு சாய்ந்தது. உணவுப் பட்டியலும் நீளம்தான்: காரக் கோழி, சீஸ் ஊற்றிய பொரியல், இறால் டெம்புரா, கரமல் பொப்கோர்ன். பானப் பகுதியில் நான்கைந்து வகை இனிப்புச் சோடாக்களும் போத்தல் தண்ணீரும் பால் கோப்பியும். இறாலுக்கு என்ன நல்லது என்று மருமகன் கேட்டார். கவுண்டரில் நின்ற பிள்ளை சிரித்த முகத்தோடு கோலாவைக் காட்டினாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் அவளுக்கு வேறெதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கரமல் பொப்கோர்னோடு கோலா குடித்தால் இரண்டு இனிப்பும் மோதி இரண்டும் மந்தமாகிவிடும். காரக் கோழியோடு குடித்தால் கோலாவின் வாயு எரிவைக் கிளறிவிடும். சோடாவே வேண்டுமென்றால் எலிஃபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரில் இஞ்சியின் உறைப்பாவது இருக்கிறது. பொரித்த மீனுக்கும் ரோல்ஸுக்கும் அது பொருந்தும். நெக்டோவும் கிறீம் சோடாவும் தனியாகக் குடிக்க நல்லவை, உணவுக்குத் துணையாகா. இத்தனை செலவழித்து நாற்காலியும் ஒலியமைப்பும் வாங்கிய ஓர் அரங்கு, பானத்துக்கென ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து யோசிக்காதது வருத்தமான விஷயம். வைன் குடிக்கும் ஊர்களில் அந்த யோசனைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள். குடிக்காதவர்கள் கூடிவாழும் நாட்டில் அதே கவனம் குடிக்காதவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

படம் தொடங்கும் முன் ஆசிரியர் பொப்கோர்ன் கூடையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, ரம்பை போட்ட மஞ்சள் சோற்று வாசம் அடிக்கிறது என்றார். அவர் மூக்கு சரியாகத்தான் சொன்னது. பாஸ்மதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் மணம் கொடுக்கும் 2-அசிற்றைல்-1-பைரோலின் என்ற சேர்மம் பொரிந்த சோளத்திலும் இருக்கிறது. ஷார்டனேயும் வெண்ணெயும் ஒட்டிக்கொள்வது எப்படியோ அப்படியே ரம்பையும் பொப்கோர்னும் ஒட்டிக்கொள்ள வேண்டும். இளநீரில் ரம்பையைக் கசக்கிப் போட்டு, சில்லென்று, ஒரு சிட்டிகை உப்போடு பொப்கோர்னுக்குக் கொடுக்கும் படமாளிகை ஒன்று இந்தத் தீவில் வரட்டும். அந்த ருசிக்குச் சொந்த ஊர் இதுதான்.

கிழக்கில் வீடுகளில் இதெல்லாம் பழக்கத்தில் இருக்கிறது. சஹன் தட்டில் நாலைந்து பேர் சுற்றியிருந்து புரியாணி சாப்பிட்ட பின்னர் பிளேன்டீ வருவது கொழுப்பைக் கழுவ. உறைப்புக் கறிக்கு எருமைத் தயிர் வைப்பது நாக்கைக் காக்க. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் மிளகாயின் கப்சைசினைப் பிடித்து இழுத்துச் செல்லும். விளாம்பழத்தைக் கரைத்துத் தேங்காய்ப்பால் விட்டால் புளிப்பும் கொழுப்பும் ஒரே கிளாஸுக்குள் வந்துவிடும். வறுத்த இறைச்சிக்கு அதைப்போல வேறில்லை. பலூடாவை மட்டும் உணவோடு வைக்கக் கூடாது. அது தனியாக வர வேண்டிய இனிப்பு, படம் முடிந்த பிறகு.

தமிழ்நாட்டில் சென்னை சத்யம் தியேட்டர் பொப்கோர்னுக்குத் தூவ மசாலாப் பொடிகளை வரிசையாக வைத்தே பேர் வாங்கியது. பொடிக்குக் கிடைத்த அந்த மரியாதை அங்கும் பானத்துக்குக் கிடைக்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு இருவரும் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணப் பொருட்கள் விற்கும் கடையொன்றுக்குப் போனார்கள். மருமகனுக்கு வேண்டியிருந்தது தோலகட்டி நெல்லிரசம். யாழ்ப்பாணம் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் துறவிகளின் ஆச்சிரமத்தில் தயாராவது. கத்தோலிக்கத் திருப்பலிக்கான திராட்சை வைனும் அங்கேயே தயாராகிறது. ஆசிரியர் போத்தலைத் திருப்பி லேபிளின் ஒவ்வொரு வரியையும் வாசித்த பிறகே பணத்தை எடுத்தார். நெல்லியில் புளிப்பும் துவர்ப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. தின்ற பின் குடிக்கும் தண்ணீர்கூட இனிக்கும். பொரித்த கோழியோடும் இறைச்சியோடும் சிவப்பு வைன் செய்கிற வேலையை இந்தப் பானம் செய்யும் என்பது மருமகனின் எண்ணம். ரியாத்துக்குக் கொண்டுபோய்ச் சமையல் தலைவரிடம் ருசிக்கக் கொடுக்கப்போகிறார்.

கட்டுநாயக்கவில் கைப்பைக்குள் 100 மில்லிலீட்டருக்கு மேல் திரவம் விட மாட்டார்கள். இரண்டு போத்தல்களையும் சாரத்தில் சுருட்டிப் பெட்டிக்குள் அடுக்கினார் மருமகன். காய்ந்த ரம்பையும் ஒரு பொட்டலம் போனது.

“எதுக்கு முதல்ல வெச்சுப் பாப்பீங்க?” என்று ஆசிரியர் கேட்டார்.

“பொரிச்ச கோழிக்கு மாமா. ரசம் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, ஐஸ் கொஞ்சம்.”

“மூணு காணாது மருமகன். சத்தத்துல இனிப்புத்தான் மங்கும், துவர்ப்பு அப்படியே நிக்கும். நாலு ஊத்துங்க, ஒரு கல்லு உப்பும் போடுங்க.”

மருமகன் நீலப் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.